பாக்கெட்டில் ஒரு பட்டறை!

முதலில் ஒரு சின்ன அதிர்ச்சி. சிவப்புப் பிடி, அதில் வெள்ளைச் சிலுவை, உள்ளே கத்தரிக்கோல், கார்க் திருகி என்று உலகம் முழுக்க 'ஸ்விஸ் ராணுவக் கத்தி' என்ற பெயரில் விற்கிறதே... அந்தக் கத்தியை ஸ்விட்சர்லாந்து ராணுவம் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்ததே இல்லை! அவர்களுக்குக் கிடைத்தது வேறு கத்தி. பார்க்க முரட்டுத்தனமாக, ஒயின் பாட்டில் திறக்க வழியே இல்லாமல் இருக்கும்.

மடக்குக் கத்தி ஒன்றும் புது விஷயமில்லை. ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட் என்ற இடத்தில், கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முந்தைய மடக்குக் கத்தியைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் ரோமானியர் காலத்து வெள்ளிச் சாமான் ஒன்று இருக்கிறது. கத்தி, கரண்டி, முள்கரண்டி, குத்தூசி எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்கும்! நாம் 'பேனாக்கத்தி' என்கிறோமே, அது இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி. இறகு போய், நிப் போய், பால்பாயின்ட்டும் வந்தாகிவிட்டது. பெயர் மட்டும் நம்மிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் ஒரு நாடே உட்கார்ந்து, 'நம் ஆட்கள் தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள எந்த மாதிரிக் கத்தி வேண்டும்?' என்று யோசித்துப் பட்டியல் போட்டது என்றால், அதற்கு நாம் ஸ்விட்சர்லாந்துக்குத்தான் போகவேண்டும்.

அங்கே ராணுவத்துக்குப் புதிதாக 'ஷ்மிட்-ரூபின்' ரக 1889 மாடல் துப்பாக்கி வந்திருந்த நேரம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். சாப்பாடு தகர டப்பாவில் வருகிறது. அதைத் திறக்க ஒரு சாமான் வேண்டும். தோல்வாரில் ஓட்டை போட ஒரு குத்தூசி. ரொட்டி நறுக்க ஒரு கத்தி. நான்கையும் தனித்தனியாகச் சுமந்தால் சிப்பாய்க்குப் பை தாங்குமா? நான்கும் ஒரே மரப் பிடிக்குள் மடங்கவேண்டும் என்று முடிவானது. கவனியுங்கள், எதிரியைக் குத்துவது இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. அதற்குத் துப்பாக்கி முனையில் பயனெட் இருந்தது.

சரி, யார் செய்வது? ஸ்விட்சர்லாந்தில் அவ்வளவு பெரிய ஆர்டரை எடுத்துச் செய்ய ஒரு பட்டறைகூட இல்லை! முதல் 15,000 கத்திகளுக்கான ஆர்டர் ஜெர்மனியில் உள்ள சோலிங்கன் நகருக்குப் போனது. (பழைய சவரக்கத்திகளில் இந்த ஊர்ப் பெயர் பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.) ஸ்விஸ் சிப்பாயின் பாக்கெட்டில் ஜெர்மன் கத்தி!

இது ஒரு மனிதரை உறுத்தியது. பெயர் கார்ல் எல்ஸெனர். தொப்பி செய்பவரின் மகன். அப்பாவின் தொழிலுக்குப் போகாமல் கத்தி செய்யக் கற்றுக்கொண்டு, பாரிஸிலும் ஜெர்மனியிலும் வேலை பார்த்துவிட்டு, 1884-ல் ஸ்வீஸ் மாகாணத்தில் உள்ள இபாக் என்ற சிற்றூரில் பட்டறை போட்டவர். ஓடைத் தண்ணீரின் வேகத்தில் சுற்றும் எந்திரங்கள்தான் முதலீடு. இன்றைக்குப் பணக்கார பேங்குகளின் நாடாக நமக்குத் தெரிகிற ஸ்விட்சர்லாந்தில் அன்று கிராமங்களில் பிழைப்பே இல்லை. வேலை தேடி ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள்ளேயே நாலு பேருக்கு வேலை கொடுக்க முடியுமா என்பதுதான் எல்ஸெனரின் கவலை.

நாடு முழுக்க இருந்த கத்திப் பட்டறைக்காரர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். 'எல்லோருமாகச் சேர்ந்து செய்வோம், ராணுவ ஆர்டரை நாமே வாங்குவோம்' என்பது திட்டம். 1891-ல் ராணுவத்துக்குக் கத்திகளும் போய்ச் சேர்ந்தன. ஆனால், சோலிங்கன் தொழிற்சாலைகள் கொடுத்த விலைக்குக் கையால் செய்யும் பட்டறைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. சங்கத்தில் இருந்தவர்கள் நஷ்டத்துக்குப் பயந்து கழன்றுகொண்டார்கள். எல்ஸெனர் மட்டும் விடாப்பிடியாக நின்றார். விளைவு? கையில் இருந்த காசெல்லாம் போய், திவாலாகும் நிலை! சொந்தக்காரர்களும், ஏன், கடன் கொடுத்தவர்களுமே பொறுமை காட்டியதால்தான் தப்பித்தார். கடன்காரர்கள் அன்று கதவை உடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

நொடித்துப்போன அந்த நேரத்தில்தான் அவருடைய மூளை பிரமாதமாக வேலை செய்தது! சிப்பாயின் கத்தி கனமாக, முரட்டுத்தனமாக இருக்கிறது. அதிகாரிகளுக்கு லேசாக, அழகாக ஒன்று செய்தால் என்ன? மடக்குக் கத்தியின் பிடிக்குள் ஒரு ஸ்பிரிங் படுத்திருக்கும். கத்தியைத் திறந்தால் நிற்கவும், மூடினால் மூடியே இருக்கவும் அதுதான் அழுத்திப் பிடிக்கிறது. அதுவரை அந்த ஸ்பிரிங்கின் ஒரு பக்கம்தான் உழைத்துக்கொண்டிருந்தது. எல்ஸெனர் அதன் முதுகையும் வேலை வாங்கினார்! இரண்டே ஸ்பிரிங்குகள், ஆறு கருவிகள். கூடுதலாக ஒரு சின்னக் கத்தியும், முதுகுப் பக்கத்தில் கார்க் திருகியும் வந்துவிட்டன. 1897 ஜூன் 12 அன்று 'அதிகாரி கத்தி' என்று பதிவு செய்தார்.

ராணுவம் அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளவில்லை. அதிகாரிகள் கேட்டார்களா? சொந்தக் காசைப் போட்டு வாங்கித் தள்ளினார்கள்! இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐரோப்பாவில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்களும் ஊருக்குப் போகும்போது வாங்கிப் போனார்கள். 'ஆஃபிட்ஸியர்ஸ்மெஸ்ஸர்' என்ற ஜெர்மன் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. 'ஸ்விஸ் ஆர்மி நைஃப்' ஆக்கிவிட்டார்கள். (நீங்களும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அமெரிக்கர்கள் மேல் பரிதாபம் வரும்!)

1909-ல் எல்ஸெனரின் தாய் விக்டோரியா இறந்தார். அவர் பெயரையே கம்பெனிக்கு வைத்தார் மகன். 1921-ல் துருப்பிடிக்காத எஃகு வந்தபோது அதற்கான பிரெஞ்சுச் சொல்லில் இருந்து 'இனாக்ஸ்' ஒட்டிக்கொள்ள... விக்டோரினாக்ஸ்! இதற்கிடையே பிரெஞ்சு பேசும் ஜூரா பகுதியில் இருந்து வெங்கர் என்ற கம்பெனி போட்டிக்கு வந்தது. ஜெர்மன் பேசுகிறவர்களுக்குக் கொடுப்பதா, பிரெஞ்சு பேசுகிறவர்களுக்குக் கொடுப்பதா? சண்டையே வேண்டாம் என்று 1908-ல் அரசாங்கம் ஆர்டரைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு நீடித்த இந்தப் பாகப்பிரிவினை, 2005-ல் விக்டோரினாக்ஸ் வெங்கரையே வாங்கியபோதுதான் முடிந்தது.

எல்ஸெனர் கத்தியில் ஒரு குறை இருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்குமே தவிர, பூட்டாது. கத்தி முனையால் எதையாவது பலமாகக் குத்தினால் சட்டென்று மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். இதற்குப் பலபேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிரான்ஸின் ஓப்பினெல் கம்பெனி 1955-ல் கழுத்தில் சுழலும் வளையம் ஒன்றைப் பொருத்தியது. திருப்பினால் பூட்டு. அவ்வளவுதான்! எனக்கு இன்றும் இதுதான் ரொம்பப் பிடித்த ஏற்பாடு. அமெரிக்காவில் பக் கம்பெனி 1964-ல் வேட்டைக்காரர்களுக்காக முதுகில் பூட்டு வைத்த கத்தியைக் கொண்டுவந்தது. 1981-ல் ஸ்பைடர்கோ கம்பெனியின் சால் கிளெஸர், கத்தியின் அலகில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டு, பிடியில் பேனாவுக்கு இருப்பதுபோல ஒரு கிளிப்பையும் வைத்தார். கட்டை விரலை ஓட்டையில் வைத்துத் தள்ளினால் ஒரே கையில் திறந்துவிடும். ஒரு கையில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிற ஆளை, கத்தி திறக்க இன்னொரு கை கேட்டால் அவன் எங்கே போவான்?

பூட்டு, ஒற்றைக் கைத் திறப்பு, கிளிப். இந்த மூன்றும் சேர்ந்த கத்திகள்தான் பிறகு 'டாக்டிகல்' என்ற மிரட்டலான பெயரோடு கடைகளுக்கு வந்தன. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தீயணைப்பு வீரரோ, எலெக்ட்ரீஷியனோ, மலையேறுகிறவரோ வாங்கும்போது பார்க்கவேண்டியது கறுப்புப் பெயின்ட்டை அல்ல. பூட்டு ஆடாமல் நிற்கிறதா, கையுறை போட்ட கையால் திறக்க முடிகிறதா? அந்த இரண்டும்தான் முக்கியம்.

ஸ்விஸ் ராணுவமும் கடைசியில் இந்த முடிவுக்குத்தான் வந்தது. புதுக் கத்தி தேவை என்று டெண்டர் விட்டபோது, ஒரு கையால் திறக்கவேண்டும், பூட்டவேண்டும் என்று கேட்டது. டெண்டர் சர்வதேச விதிகளின்படி எல்லா நாட்டுக்கும் பொது என்றதும், 'ஸ்விஸ் கத்தி சீனாவில் இருந்து வந்துவிடுமோ' என்று நாடே பதறியது. (எல்ஸெனரின் பழைய கவலை!) நல்லவேளை, 2008-ல் ஆர்டர் விக்டோரினாக்ஸுக்கே கிடைத்தது. பாதிக்கு ரம்பப் பல் வைத்த அலகு, அதில் கட்டை விரலுக்கு ஓட்டை, கூடவே மரம் அறுக்கும் வாள். கார்க் திருகி? இப்போதும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2008-ல் பக்கத்து நாடான ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் வெளியில் எடுத்துப் போகக்கூடாது! ஆக, ஸ்விஸ் சிப்பாய்க்குக் கட்டாயமான கத்தி, எல்லை தாண்டினால் வில்லங்கம்.

கத்திக்கு வந்த பெரிய கண்டம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. 2001 செப்டம்பர் 11. விமானங்களைக் கடத்தியவர்கள் கையில் சிறு கத்திகள் இருந்தன என்றதும், உலகம் முழுக்க ஏர்போர்ட்டுகளில் பாக்கெட் கத்திக்குத் தடை. பயணிகளிடம் பறிமுதலான கத்திகளை அமெரிக்க மாநிலங்கள் சில எடை போட்டு விற்றன! ஏர்போர்ட் கடைகளை நம்பியிருந்த விக்டோரினாக்ஸின் கத்தி விற்பனை ஒரேயடியாக முப்பது சதவிகிதத்துக்கும் மேல் விழுந்தது.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் முதல் வேலையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். எல்ஸெனரின் பரம்பரை அதைச் செய்யவில்லை. ஒருவரைக்கூட வேலையை விட்டு நீக்காமல், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். உபரி ஆட்களைப் பக்கத்து ஊர்க் கம்பெனிகளுக்குக் 'கடனாக'க் கொடுத்து வைத்தார்கள்! கைக்கடிகாரம், பெட்டி, சமையலறைக் கத்தி என்று மற்ற சரக்குகளில் கவனம் செலுத்தி, மெள்ள மூச்சுப் பிடித்து எழுந்தார்கள்.

2013-ல் சின்னக் கத்திகளை விமானத்தில் அனுமதிக்கலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. விமானப் பணியாளர்கள் கொதித்து எழ, சில மாதங்களிலேயே அந்த யோசனையைக் கைவிட்டார்கள். பூமிக்கு மேலே மட்டும் கத்திக்கு ராஜமரியாதை! 1995-ல் 'மிர்' விண்வெளி நிலையத்துக்குப் போன கனடா நாட்டு வீரர் கிரிஸ் ஹாட்ஃபீல்ட், பட்டை போட்டு இறுக்கமாகக் கட்டியிருந்த கதவைத் திறந்தது ஒரு ஸ்விஸ் ராணுவக் கத்தியால்தான்.

2024-ல் விக்டோரினாக்ஸ் ஒரு செய்தி சொன்னது. பல நாடுகளில் சட்டம் இறுகிக்கொண்டே போவதால், மற்ற கருவிகளை எல்லாம் வைத்து, வெட்டும் அலகு மட்டும் இல்லாத ஒரு மாடலை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்களாம். ஸ்க்ரூ டிரைவர் இருக்கும், பாட்டில் திறப்பான் இருக்கும்... கத்தியில் கத்தி இருக்காது!