கண் திறந்த அம்பிகாபதி

2025 ஆகஸ்ட் 1-ம் தேதி தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் 'அம்பிகாபதி' மறுபடியும் வந்தது. பாகவதர் படமுமில்லை, சிவாஜி படமுமில்லை. 2013-ல் இந்தியில் 'ராஞ்ஜனா' என்ற பெயரில் வெளியாகி, ஒரு வாரம் கழித்துத் தமிழில் 'அம்பிகாபதி' ஆன தனுஷ் படம். காசியில் குடியிருக்கும் தமிழ்ப் புரோகிதர் வீட்டுப் பையன் ஒருத்தியின் மேல் பைத்தியமாகச் சுற்றி, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரை விடுவான். பன்னிரண்டு வருஷம் அவன் செத்துக்கொண்டுதான் இருந்தான். இந்த முறை கண் திறந்துவிட்டான். அந்தக் காட்சியை யாரும் படம் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் உண்டாக்கியது. செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள், பேப்பரில் சுருக்கமாக ஏ.ஐ. என்று போடுகிறார்கள்.

தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று டைரக்டர் ஆனந்த் எல். ராய் கொதித்தார். படத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள், நான் ஒப்புக்கொண்டு நடித்த படம் இதுவல்ல என்கிற பொருளில் தனுஷ் அறிக்கை விட்டார். உரிமை வைத்திருக்கும் ஈராஸ் நிறுவனமோ, இது இன்னொரு வடிவம்தான், சட்டப்படி எங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது.

சென்னைக்காரர்களுக்கு இது ஒரு சினிமாச் செய்தி. தஞ்சாவூர் ஜில்லாக்காரனால் அந்தப் பெயரை அப்படிச் சும்மா கடந்து போக முடியுமா? அம்பிகாபதியின் தகப்பனார் கம்பர் நம்ம தேரழுந்தூர்க்காரர். மாயவரத்துக்குப் பக்கம். மகன் சோழ ராஜகுமாரி அமராவதியைக் காதலித்தான். சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் பெண்ணைத் தருகிறேன் என்றான் ராஜா. அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டுக்கு ஒரு பூவாக எண்ணினாள். காப்புச் செய்யுளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டாள். தொண்ணூற்றொன்பதிலேயே நூறு முடிந்ததென்று வெளியே வந்து எட்டிப் பார்க்க, அவளைக் கண்டவன் வாயிலிருந்து காதல் பாட்டு வந்துவிட்டது. தலை போயிற்று. இதற்குக் கல்வெட்டும் கிடையாது, செப்பேடும் கிடையாது, கர்ணபரம்பரைக் கதைதான். ஆனாலும் காவிரிக்கரையில் பிறந்தவர்களுக்கு அந்த ஒரு பூ தொண்டையில் நிற்கும்.

எங்கள் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது, நாங்கள் சின்னக் குழந்தைகளாக இருந்தவரைக்கும், அமராவதி சரியாக எண்ணிவிடுவாள். நூறும் முடியும், கல்யாணம் நடக்கும், எங்களுக்குத் தூக்கம் வரும். பெரியவர்களான பிறகுதான் ஒரு நாள் முழுக்கதையும் வந்தது. "அப்போ முன்னே சொன்னது?" என்று கேட்டதற்கு, "அது தூங்க வைக்கச் சொன்னதுடா" என்றாள். அதைத்தான் இப்போது ஒரு கம்பெனி பெரிய திரையில் செய்திருக்கிறது. என்ன, பாட்டி டிக்கெட் போடவில்லை.

1937-ல் வந்த 'அம்பிகாபதி'யை எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாது. ரோமியோ ஜூலியட் சாயலில் மாடத்துக் காதல் காட்சியெல்லாம் வைத்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டும் இளங்கோவன் வசனமும் ஊரையே கட்டிப் போட்டன. 1957-ல் ப. நீலகண்டன் இயக்கத்தில் சிவாஜியும் பானுமதியும். முதல் படத்திலும் இரண்டாவது படத்திலும் நடித்த என்.எஸ். கிருஷ்ணன், இரண்டாவது வெளிவருவதற்குள் காலமாகிவிட்டார். இரண்டிலும் அம்பிகாபதி செத்தான். ஜனங்கள் அழுதார்கள், மறுநாளும் போய் அழுதார்கள்.

அந்தக் காலத்தில் யாரும் படத்தில் கை வைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அய்யம்பேட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு டூரிங் டாக்கீஸ் தை, மாசியில் வரும். சம்பா அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புழங்கும் சமயம். தாளடி வயலாக இல்லாத மேட்டுத் தரிசில் கீற்றுக் கொட்டகை எழும்பும். ஒரே புரொஜெக்டர், அதனால் மூன்று நான்கு இடைவேளை. ஒரு ரீல் என்பது ஆயிரம் அடி, பத்து நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். பிலிம் அறுந்தால் ஆபரேட்டர் இரண்டு முனையையும் கத்தரித்து, பூச்சைச் சுரண்டி, பசை தடவி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் கொஞ்சம் படம் குறையும். கத்தரித்த துண்டுகள் எங்களுக்கு வரும். பீஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, வேட்டியில் படம் காட்டுவோம். ஒரு துண்டு எம்.ஜி.ஆருக்கு இரண்டு துண்டு நம்பியார் என்று பண்டமாற்று வேறு. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டை வைக்கிறோமோ அதுதான் கதை.

அறுந்ததால் குறைந்தது ஒரு பக்கம். வேண்டுமென்றே குறைத்தது இன்னொரு பக்கம். இரண்டாவது ஆட்டம் நேரமாகிவிட்டால் இரண்டு பாட்டுப் போய்விடும். 'பாசம்' 1962-ல் வந்தது, அதில் எம்.ஜி.ஆர். இறந்துவிடுவார். ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் கொட்டகைக்கு அது தாமதமாகத்தான் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து சாகிற கட்டத்துக்கு முன்னாலேயே நிறுத்தி 'வணக்கம்' சிலைடு போட்டார்கள். பையன்கள் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆனால் பெட்டி அடுத்த ஊருக்குப் போகும்போது அந்தக் கடைசி ரீலும் பெட்டிக்குள்தான் போயிற்று. அடுத்த ஊரில் எம்.ஜி.ஆர். செத்தார்.

படத்தைக் காதுக்கு மட்டும் வெட்டிக் கொடுத்ததும் உண்டு. திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒலிச்சித்திரம் என்றால் தெருவே ரேடியோ இருக்கிற வீட்டில் இருக்கும். இரண்டரை மணி நேரப் படம் ஒரு மணி நேரமாகும். கல்யாண வீடுகளில் 'திருவிளையாடல்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கதைவசனத்தை ஒலிபெருக்கியில் போட்டு, நாலு ஊருக்குக் கேட்கும்படி அலற விடுவார்கள். படமே பார்க்காதவர்கள் வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள்.

வெட்டி ஒட்டும் ஆசை நமக்கு மட்டும் சொந்தமில்லை. வெளிநாட்டில் விஞ்ஞானக் கதைப் படங்களில்தான் இது முற்றிப்போன வியாதி. பெங்களூரில் இருக்கும் என் பேரன் தீபாவளிக்கு வந்தபோது மடிக்கணினியில் ஒவ்வொன்றாகக் காட்டினான். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 1999-ல் வந்த படம் பிடிக்காமல், ரசிகர் ஒருவர் ஏறக்குறைய இருபது நிமிஷத்தை வெட்டி வீசித் தன் பிரதியைச் சுற்றுக்கு விட்டாராம். அது பெரிய பேச்சாகி, இன்று ஆயிரக்கணக்கானவர்கள் அதையே பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். இதில் வேடிக்கை, அந்தப் படங்களை உண்டாக்கிய ஜார்ஜ் லூகாஸ். 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய், பழைய படங்களுக்கு வண்ணம் பூசுவது அநியாயம் என்று சாட்சி சொன்னவர் அவர். 1997-ல் அவரே தன் 1977-ம் வருஷத்துப் படத்தில் புதுக் காட்சிகளைச் செருகினார். பழைய வடிவம் கடையில் கிடைப்பதே அரிதாயிற்று. ரசிகர்கள் அங்கேயும் இங்கேயும் சேகரித்துப் பழையபடி ஒட்டினார்கள். படத்தை மாற்றத் தெரிந்த அதே கைகள்தான் பழையதைக் காப்பாற்றவும் செய்தன!

'பிளேடு ரன்னர்' என்று ஒரு படம், 1982. ரிட்லி ஸ்காட் எடுத்தது. வெள்ளோட்டத்தில் ஜனங்களுக்குப் புரியவில்லை என்று கம்பெனிக்காரர்கள் கதாநாயகன் குரலில் விளக்கம் சேர்த்து, கடைசியில் அவனும் அவளும் மலைப்பாதையில் காரில் போவதாக ஒரு சந்தோஷ முடிவையும் ஒட்டினார்கள். அந்த மலைக்காட்சி ஸ்டான்லி குப்ரிக் தன் பேய்ப் படத்துக்கு எடுத்து மிச்சமிருந்த பிலிம். பத்து வருஷம் கழித்து 1992-ல் விளக்கமும் சந்தோஷமும் இல்லாத வடிவம் வந்தது. இன்று உலகம் கொண்டாடுவது அதைத்தான்.

இதெல்லாம் இருக்கிற துண்டுகளை இடம் மாற்றும் வேலை. இப்போது நடப்பது வேறு. ஒருவருடைய பழைய பேச்சைக் கணினிக்குக் கொடுத்தால் குரலின் கனம், இழுப்பு, மூச்சு வாங்கும் இடம் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்கிறது. பிறகு நாம் எதை எழுதிக் கொடுத்தாலும் அந்தக் குரலில் சொல்கிறது. அவர் பேசாத வசனத்தை அவர் வாயில் வைக்கலாம். வெளிநாட்டு ரசிகர்கள் தங்கள் வெட்டுப் பிரதிகளில் கதை இடிக்கிற இடத்தை இப்படித்தான் அடைக்கிறார்கள்.

நம்மிடமும் வந்துவிட்டது. 2024-ல் 'லால் சலாம்' படத்தில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர். ரகுமான் ஒரு பாட்டில் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிச் சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருஷம் ஜனவரியில் காலமான பவதாரிணியின் குரல், அவர் தம்பி யுவன் இசையமைத்த 'கோட்' படத்தில் செப்டம்பரில் ஒலித்தது. அதைக் கேட்டபோது எனக்கு மனசு கலங்கியது உண்மை. மறைந்த விஜயகாந்தும் அந்தப் படத்தில் வந்தார். எல்லாவற்றையும்விட என்னை உட்கார வைத்தது இன்னொன்று. திருக்குவளையில் பிறந்து, 'பராசக்தி'க்கு வசனம் எழுதிய கலைஞர் கருணாநிதி 2018-ல் மறைந்தார். 2024 ஜனவரியில், டி.ஆர். பாலுவின் சுயசரிதை வெளியீட்டு விழாத் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். ஆயுள் முழுக்க மற்றவர்கள் வாய்க்கு வசனம் எழுதிக் கொடுத்த மனிதருக்கே யாரோ வசனம் எழுதிக் கொடுத்தார்கள். கட்சி அரசியலை விடுங்கள். வசனம் என்ற தொழிலை யோசித்துப் பாருங்கள்.

சோக முடிவு நம் ஜனங்களுக்கு ஆகாது, அதனால்தான் மாற்றினோம் என்று ஒரு வாதம். நம்மூர்க் கூத்தோ நாடகமோ மங்களம் பாடாமல் முடியாது, வாஸ்தவம்தான். ஆனால் மங்களம் எப்போது வரும்? சாவுக்கு அப்புறம். சாவுக்குப் பதிலாக அல்ல. 1956-ல் வந்த 'மதுரை வீரன்' படத்தில் எம்.ஜி.ஆரை மாறுகால் மாறுகை வாங்கிவிட்டுத்தான் சொர்க்கத்துக்கு அனுப்பினார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது. 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தைக் கீறல் நீக்கி, ஒலி சீர்செய்து 2012-ல் மறுபடி போட்டார்கள். சென்னையில் நூறு நாளைத் தாண்டியது. கர்ணன் பிழைத்திருக்கலாமே என்று என் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினார். பிழைக்க வைத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது? சிவாஜியின் அம்பிகாபதி வந்த அதே 1957-ல்தான் நம் பதிப்புரிமைச் சட்டமும் வந்தது. அதன் 57-வது பிரிவு, ஒரு படைப்பைச் சிதைத்து அதன் ஆசிரியர் பெயரைக் கெடுத்தால் அவர் தடுக்கலாம் என்கிறது. நல்லதுதான். ஆனால் சினிமாவுக்கு ஆசிரியர் யார் என்றால், அதே சட்டப்படி தயாரிப்பாளர்! எடுத்த டைரக்டர் கணக்கிலேயே இல்லை. 2012 திருத்தத்தில் சேர்ந்த 38-பி பிரிவில், தன் நடிப்பைத் திரித்துப் பெயருக்குக் களங்கம் வந்தால் நடிகர் தடுக்கலாம் என்று இருக்கிறது. கண் திறந்தது களங்கமா என்பதைக் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒருவர் படத்தை இன்னொருவர் மாற்றிப் பார்ப்பது தப்பே இல்லை, பாட்டி செய்தாள், ஆபரேட்டர் செய்தார். கடைசி ரீல் பெட்டிக்குள் இருக்க வேண்டும், மாற்றியது யார் என்று முகப்பில் போட வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் நம் பேரன் பேத்திகளுக்கு எது முதலில் வந்தது என்றே தெரியாமல் போகும்.

பெட்டி காலியானால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். தமிழ் பேசிய முதல் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-ல் வெளியானது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி, நம்ம திருவையாற்றுக்காரர். அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று எங்கும் இல்லை. நாளைக்கு யாராவது ஏ.ஐ. வைத்து 'காளிதாஸ்' படத்தை உண்டாக்கி, இதுதான் ராஜலட்சுமி பேசியது என்று போட்டால், எடுத்துவைத்து ஒத்துப் பார்க்க ஓர் அடி பிலிம் நம்மிடம் கிடையாது.