ஜப்பானில் உழைத்த இளம்பெண்கள்

ஒரு தேசத்தின் இளைஞர்களுள் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அவர்களுள் ஆண்கள் எவ்வளவு, பெண்கள் எவ்வளவு என்று காட்டும் புள்ளிவிவரங்களை ஆண்டு வரிசையாக வைத்துப் பார்ப்பவர்கள், பெண்களுக்குரிய எண் உயர்ந்தால் முன்னேற்றம் என்றும் தாழ்ந்தால் பின்னடைவு என்றும் கொள்வது வழக்கம். ஜப்பானின் சரித்திரத்திற்கு முன்னே இந்த அனுமானம் நிற்பதில்லை. அந்நாட்டில் இயந்திரத் தொழில் வேரூன்றிய காலந்தொட்டு 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரையில் ஆலைத் தொழிலாளருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். அப்பெண்களுள்ளும் பெரும்பாலோர் விவாகமாகாத இளவயதினர். ஆகவே ஜப்பானிய யுவதிகள் வேலைக்கு எப்போது வந்தார்கள் என்று கேட்பதைக் காட்டிலும், வந்தவர்களை எந்த நிபந்தனையின்மேல் வைத்திருந்தார்கள், எத்தனை வயது வரையில் இருக்க விட்டார்கள் என்று கேட்பதே பொருத்தமாகும்.

1872ஆம் ஆண்டில் மெய்ஜி அரசாங்கம், பால் புருனா என்னும் பிரெஞ்சுக்காரரின் மேற்பார்வையில், குன்மா மாகாணத்துத் தோமியோகாவில் முந்நூறு தொட்டிகள் கொண்ட பட்டு நூல் ஆலை ஒன்றை எழுப்பியது. பட்டுக் கூட்டை வெந்நீரில் இட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இழையின் நுனியைப் பிடித்து, பல இழைகளை ஒன்றுகூட்டி அறாமல் சுற்றி எடுக்கும் வேலைக்கு இளம்பெண்களின் விரல்களே ஏற்றவை என்று கருதி நாடெங்கும் ஆள் அழைத்தார்கள், ஒருத்தியும் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் பெண்களின் இரத்தத்தை உறிஞ்சிக் குடிக்கிறார்கள் என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவியிருந்தது. அவர்கள் அருந்திய சிவப்புத் திராட்சை மதுவே அதற்கு மூலம் என்பர். ஆலையின் முதல் தலைவரான ஒதாகா அட்சுதாதா, பிறர் வீட்டுப் பெண்களை அழைக்குமுன் தம் வீட்டுப் பெண்ணை அனுப்புவதே முறை என்று துணிந்து, பதினான்கு வயதுடைய தம் மகள் யூவை முதல் தொழிலாளியாக அங்கே சேர்த்தார். அதன் பிறகே மற்றவர்களும் வந்தார்கள். வந்தவர்களுள் பலர் அதிகாரம் இழந்திருந்த சாமுராய்க் குடும்பங்களின் புதல்விகள். 1873இல் மட்சுஷிரோவிலிருந்து தோழியருடன் வந்து சேர்ந்த யோகொதா எய் என்ற பெண், முதிய வயதில் தன் ஆலை வாழ்க்கையை நினைவுகூர்ந்து எழுதி வைத்தாள். தேசத்திற்காக ஒரு புதிய வித்தையைக் கற்கப் போகிறோம் என்ற பெருமிதம் அக்குறிப்புகளில் நிறைந்திருக்கிறது. தோமியோகாவில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வேலை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஜப்பானிய ஆலைப் பெண்களின் வரலாறு இத்தனை கௌரவமாகத் தொடங்கியது என்பதை நினைக்கும்போதுதான், அடுத்து வந்த காலத்தின் கொடுமை நம் மனத்தில் உறைக்கிறது.

தோமியோகாவில் வித்தை கற்றவர்கள் தத்தம் ஊர் திரும்பி அதனைப் பரப்ப, தனியார் ஆலைகள் பெருகின. நாகனோ மாகாணத்தில் சுவா ஏரியின் கரையிலுள்ள ஓகாயா பட்டு நூலுக்கே பேர்போன நகரமாயிற்று. மலைகளுக்கு அப்பால் இருந்த ஹிதா நாட்டு ஏழைக் குடியானவர்களின் பெண்கள், பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே, 1,672 மீட்டர் உயரமுள்ள நோமுகிக் கணவாயைக் கால்நடையாகக் கடந்து அங்கே வந்தார்கள். வருஷக் கடைசியில், பனி கொட்டும் மாதத்தில், சம்பாதித்த பணத்தை எடுத்துக்கொண்டு அதே வழியாக ஊர் திரும்பினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் தகப்பனார்; முன்பணம் வாங்கியவரும் அவரே; அந்தக் கடனைத் தன் உழைப்பால் தீர்க்க வேண்டியவள் மகள். தினம் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் வேலை நடந்தது. கூலிக் கணக்கோ மிகவும் நுட்பமாக அமைக்கப்பட்டிருந்தது. ஆலை முழுவதற்கும் சராசரி ஒன்றை வகுத்து, நூலின் அளவிலும் தரத்திலும் அதற்கு மேற்பட்டவளுக்குக் கூட்டிக் கொடுத்து, கீழ்ப்பட்டவளிடம் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தியின் ஆதாயம் அடுத்த தொட்டியில் இருப்பவளின் நஷ்டத்திலிருந்தே வந்தது. ஆண்டுக்கு நூறு யென் சம்பாதித்தவளை ஊரெல்லாம் கொண்டாடிற்று. அபராதம் போக வெறுங்கையோடு திரும்பியவளும் அதே கணவாயில்தான் நடந்தாள்.

இந்தப் பெண்கள் வாய்மூடிப் பொறுத்திருந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. 1886ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கோஃபு நகரத்து அமெமியா பட்டு ஆலையில் வேலை நேரத்தைக் கூட்டிக் கூலியைக் குறைக்க முதலாளிகள் முற்பட்டபோது, சுமார் நூறு பெண்கள் வேலையை விட்டு ஒரு கோவிலில் போய்க் கூடி, தங்கள் கோரிக்கைகளுக்கு ஆலைக்காரர் இறங்கி வரும்வரை திரும்ப மறுத்தார்கள். ஜப்பானிய ஆலைகளில் நடந்த முதல் வேலைநிறுத்தம் என்று அதனைச் சொல்கிறார்கள். தொழிற்சங்கம் என்ற அமைப்பையே அந்நாடு அறியாத காலம் அது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். யமாமோட்டோ ஷிகேமி என்பவர், நோமுகிக் கணவாயைக் கடந்த பெண்களுள் அப்போது உயிரோடிருந்த நூற்றுக்கணக்கான பாட்டிமார்களைத் தேடிச் சென்று விசாரித்து, 1968இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆலை உணவு மோசம் என்று அவர்கள் சொல்லவில்லை. போனது நல்லதாயிற்று என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். பிறந்த வீட்டில் அரிசிச் சோறு அபூர்வமாக இருந்தவர்களுக்கு ஆலையில் மூன்று வேளையும் அது கிடைத்தது; குடும்பத்தின் கடனைத் தன் கையால் அடைத்த பெண்ணுக்கு வீட்டில் ஒரு மதிப்பும் கிடைத்தது. ஆலைகள் கொடியவை அல்ல என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. நோயில் விழுந்தவர்களுக்கு நடந்த சிகிச்சையைப் பற்றிக் கேட்டபோது அதே பாட்டிமார்களுள் பலர் கசப்போடு பதில் சொன்னார்கள். அந்த நோயில் மாண்டவர்களோ பதில் சொல்ல இருக்கவில்லை. மலைக் கிராமத்து வறுமை எத்தன்மையதாக இருந்தது என்பதற்கே அவர்களுடைய திருப்தி சாட்சியாகிறது.

பருத்தி ஆலைகளின் கதை இன்னும் இருண்டது. ஒதாகாவின் நெருங்கிய உறவினரும் ஜப்பானிய வணிக உலகின் தந்தை என்று போற்றப்படுபவருமான ஷிபுசாவா எய்ச்சியின் முயற்சியால், 1883இல் ஒசாகா நூற்பாலை ஓடத் தொடங்கிற்று. இயந்திரம் இரவிலும் ஓடினால் போட்ட முதல் இருமடங்கு வேகத்தில் திரும்பும் என்று கண்டு, மண்ணெண்ணெய் விளக்கிலும், 1886 முதல் மின்சார விளக்கிலும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு கூட்டமாக இரண்டு கூட்டம் பெண்களை மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். ஒரு கூட்டம் எழுந்துபோன படுக்கையில் மறு கூட்டம் வந்து படுக்கும்; விடுதிப் படுக்கை ஆறுவதே இல்லை. இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அந்தக் கதிர்களுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி இந்தியப் பஞ்சு. அதைப் பம்பாயிலிருந்து மலிவாக ஏற்றிச் செல்வதற்காகவே 1893இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் ஜப்பானியக் கப்பல் கம்பெனியும் கூடிப் புதிய கப்பல் தடம் ஒன்றை ஏற்படுத்தினர். பிற்காலத்தில் அந்த நூலும் துணியும் இந்தியச் சந்தைக்கே வந்து போட்டியிட்டபோது, பெண்களை இரவில் உழைக்க வைத்து விலையைக் குறைக்கிறார்கள் என்று நம் நாட்டு ஆலை முதலாளிகள் முறையிட்டார்கள். முறையிட்டவர்களின் நோக்கம் எதுவாயினும், சொன்னது உண்மை.

ஆலைப் பஞ்சுத் தூசியிலும் விடுதி நெரிசலிலும் க்ஷயரோகம் தழைத்தது. இஷிஹாரா ஒசாமு என்னும் வைத்தியர், நோய்ப்பட்டவர்களை ஆலைகள் ஊருக்கு அனுப்பிவிட, அவர்கள் வழியே நோய் கிராமங்களில் பரவுவதைக் கணக்கெடுத்து 1913இல் வெளிப்படுத்தினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியிருந்தது. ஆனால் அது அமலுக்கு வந்தது 1916இல். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாது, பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பன்னிரண்டு மணி நேரமே உச்ச வரம்பு என்பன அதன் விதிகள். பெண்களுக்கு இரவு வேலையைத் தடுக்கும் விதியை மட்டும் நூற்பாலைக்காரர்களுக்கு இணங்கிப் பதினைந்து ஆண்டு தள்ளி வைத்தார்கள். அந்தத் தடை மெய்யாக அமலுக்கு வந்தது 1929ஆம் ஆண்டு ஜூலையில். பதினெட்டு ஆண்டுகள் ஒரு சட்டம் தன் சொந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்த அவ்விடைவெளியில் எத்தனை பெண்கள் உடல் குலைந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. அக்காலத்தில்தான், சிறுவயது முதல் ஆலைகளிலே வேலை செய்து வளர்ந்த ஹொசொய் வாகிசோ, தம் அநுபவத்தையும் ஆலைத் தொழிலாளியான தம் மனைவியின் அநுபவத்தையும் சேர்த்து, பெண் தொழிலாளர்களின் துயர வரலாற்றை எழுதி 1925இல் வெளியிட்டார். நூல் வந்த மறுமாதமே, இருபத்தெட்டு வயதில், அவர் இறந்துபோனார்.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் சட்டங்கள் ஒரே வீச்சில் மாறின. 1947இல் கட்டாயக் கல்வி ஒன்பது ஆண்டுகளாயிற்று. அதே வருஷத்துத் தொழில் நியமச் சட்டம் சமகூலியைப் பிரகடனம் செய்தது. புதிய தொழில் அமைச்சகத்தில் பெண்கள், சிறார் நலத்துக்கென ஓர் இலாகா தோன்ற, அதன் முதல் தலைவியானார் யமகாவா கிகுஎ. ஆயினும் விடுதிகளின் பூட்டுகள் சட்டத்தால் மட்டும் திறந்துவிடவில்லை. 1954இல் ஓமி பட்டு நூல் கம்பெனியின் தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், நூறு நாட்களுக்கு மேல் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படிப்பவர்கள் திகைப்பார்கள். எங்கள் கடிதங்களைப் பிரிக்காதீர்கள். விவாகம் செய்துகொள்ள எங்களுக்குச் சுதந்திரம் வேண்டும். வெளியே போய்வர விடுங்கள். பௌத்த வழிபாட்டுக்கு வற்புறுத்தாதீர்கள் என்றெல்லாம் அவர்கள் கேட்டார்கள். வேலை செய்யும் மனிதர்களுக்குரிய சுவாசத்தையே கேட்டார்கள் என்று சொல்லலாம். ஜப்பான் முழுதும் அவர்கள் பக்கம் நின்றது, அவர்கள் வென்றார்கள்.

அதே ஆண்டில், அவோமோரியிலிருந்து தோக்கியோவின் உவேனோ நிலையத்துக்குக் கூட்டு வேலைவாய்ப்பு ரயில் ஒன்று புறப்பட்டது. நடுநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுச் சிறுவர் சிறுமியரை இவ்வாறு ரயில் ரயிலாக நகரங்களுக்கு அழைத்துச் சென்று, பையன்களைக் கடைகளிலும் பட்டறைகளிலும், பெண்களைப் பெரும்பாலும் நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் சேர்த்தார்கள். ஆள் கிடைக்காத காலமாதலால் ‘தங்க முட்டைகள்’ என்று அவர்களைச் செல்லமாக அழைத்தார்கள். இந்தப் பிரயாணங்கள் 1975இல் நின்றன. நிறுத்தியது பள்ளிக்கூடம். 1950இல் நூற்றுக்கு நாற்பது பேரைச் சற்றே தாண்டியிருந்த மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கை 1974இல் தொண்ணூறைக் கடந்தது. அவ்விகிதத்தில் 1969இலேயே பெண்கள் ஆண்களை முந்திவிட்டார்கள். ஆகவே, 1960இல் பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரையிலான பெண்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் உழைப்பாளராக இருந்த நிலை மாறி, நூற்றாண்டின் முடிவில் அது ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. அட்டவணையில் வீழ்ச்சியாகத் தெரியும் இந்த எண்ணைவிட நல்ல செய்தி ஒன்றும் அந்த அட்டவணையில் இல்லை.

இருபது வயதுக்கு மேற்பட்டவர்களின் நிலை வேறு. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் கைப்பந்து ஆட்டத்தில் தங்கம் வென்ற ஜப்பானிய மகளிர் அணியினருள் பெரும்பாலோர், நிச்சிபோ நூற்பாலைக் கம்பெனியின் கைசுகா ஆலையில் வேலை பார்த்தவர்கள். பகலில் வேலையும் இரவில் நெடுநேரம் பயிற்சியுமாக உலகை வென்றவர்கள். அணித் தலைவி கசாய் மசாஎ, வெற்றிக்குப் பின் பிரதம மந்திரியைச் சந்தித்தபோது, ஆட்டத்திலேயே விவாக வயது கடந்துவிட்டது என்று மனம்விட்டுச் சொல்ல, அவரே ஒரு வரனைத் தேடித் தந்தார். பெண்ணின் உழைப்பும் புகழும் விவாகத்துக்கு முந்திய இடைக்காலத்தைச் சேர்ந்தவை என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது. பல கம்பெனிகள் அதை எழுத்திலேயே வாங்கிக்கொண்டன: விவாகம் ஆனால், அல்லது முப்பத்தைந்து வயது ஆனால், விலகிவிடுவேன் என்று வேலையில் சேரும்போதே பெண்கள் கையெழுத்திட வேண்டும். அவ்வாறு கையெழுத்திட்ட ஸுமிதோமோ சிமெண்டுக் கம்பெனியின் பெண் ஊழியர் ஒருத்தி, விவாகத்துக்குப் பின் நீக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தாள். அந்த நிபந்தனை செல்லாது என்று 1966 டிசம்பரில் தோக்கியோ மாவட்ட நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஒருபுறமிருக்க, வழக்கம் ஒருபுறம் நின்றது. 1975இல், இருபதுகளின் தொடக்கத்தில் பத்தில் ஆறு ஏழு பெண்கள் வேலையில் இருந்த நாட்டில், இருபத்தைந்து முதல் இருபத்தொன்பது வயதினருள் நூற்றுக்குச் சுமார் நாற்பத்து மூன்று பேரே எஞ்சினர். குழந்தைகள் வளர்ந்தபின் அவர்கள் மறுபடி வேலைக்கு வந்தபோது, பெரும்பாலும் அரைநாள் வேலையே காத்திருந்தது.

1985இல் சமவேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. ஆள் எடுப்பதிலும் பதவி உயர்விலும் பேதம் காட்டாதிருக்க முயல வேண்டும் என்ற அளவில் அது நின்றதால், ஆண்களுக்குப் பெரும்பாலும் மேற்பதவிக்குரிய பாதையும் பெண்களுக்குப் பெரும்பாலும் எழுத்தர் பாதையும் என்று கம்பெனிகள் இரு தடங்களை வகுத்துக்கொண்டன. 1997இல் திருத்தப்பட்டு 1999 ஏப்ரலில் அமலுக்கு வந்த சட்டமே பேதத்தைத் தடை செய்தது. அதே நாளில், பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்ற பழைய விதியும் நீக்கப்பட்டது. பாட்டிமார்கள் உயிரைக் கொடுத்துப் பெற்ற பாதுகாப்பைப் பேத்திமார்கள் சமத்துவத்துக்கு விலையாகத் தந்தார்கள் என்று வருந்தியவர்களும் அன்று இருந்தனர். அந்த வருத்தத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அச்சமயம் நாடு பொருளாதார மந்தத்தில் ஆழ்ந்திருந்தது. பள்ளி முடித்த ஆண்களும் நிரந்தர வேலையின்றி அலைந்தார்கள். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இளைஞரிடையே வேலையின்மை நூற்றுக்குப் பத்தை எட்டியபோது, அது பெண்களைவிட ஆண்களையே அதிகம் தாக்கியது. இன்று இருபத்து நான்கு வயதுக்கு உட்பட்டோரின் வேலை விகிதத்தில் இரு பாலாருக்கும் இடையே பெரிய பேதம் ஒன்றும் காணப்படுவதில்லை. இருபத்தைந்து முதல் இருபத்தொன்பது வயதுப் பெண்களுள் வேலையில் இருப்போர், 1975இல் நூற்றுக்குச் சுமார் நாற்பத்து மூன்றாயிருந்த எண்ணும் எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆனால் நிரந்தரப் பதவியில் இருப்போரை மட்டும் பிரித்து எண்ணினால், பெண்களின் கோடு இருபதுகளின் பிற்பகுதியில் உச்சிக்கு ஏறி, அதன்பின் வயதுக்கு வயது இறங்கிக்கொண்டே போகிறது. வேலை செய்யும் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இன்னமும் நிரந்தரமற்ற ஊழியர்களாகவே இருக்கிறார்கள்.