முன்னறிவும் தன்விருப்பும்

இறைவன் முக்காலமும் உணர்ந்தவன் என்பது கிறித்துவ சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்பது அச்சமயம் போற்றும் அறத்தின் அடிப்படை. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஒரு சிக்கல் எழுகின்றது. நாளை ஒருவன் பொய்யுரைப்பான் என்பதை இறைவன் இன்றே அறிவான் எனின், அவன் பொய்யுரையாது இருத்தல் இயலுமோ? இயலாதெனின், அவனைக் குற்றவாளி என்பது எங்ஙனம் நீதியாகும்?

நற்செய்தி நூல்களில் வரும் பேதுருவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். சேவல் கூவுமுன் மும்முறை தம்மை மறுதலிப்பான் என்று இயேசு முன்னரே கூறினார். அவ்வாறே நிகழ்ந்தது. பேதுரு மனங்கசந்து அழுதான். மறுதலிப்பு தவிர்க்கவொண்ணாத ஒன்றாயின், அக்கண்ணீருக்குப் பொருளேது?

கிறித்துவுக்கு முன் வாழ்ந்த உரோமானிய அறிஞர் சிசரோ, மனிதனின் தன்விருப்பைக் காக்கும் பொருட்டு முன்னறிவையே மறுத்தார். தூய அகஸ்டின் (354–430) அதனை ஏற்றாரல்லர். நம் நினைவாற்றல் கடந்த நிகழ்ச்சிகளை நிகழுமாறு கட்டாயப்படுத்தவில்லை. அதுபோலவே இறைவனின் முன்னறிவும் வருநிகழ்ச்சிகளைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றார் அவர். எனினும், பெலேஜியஸ் என்பாரின் கொள்கையை எதிர்த்து வாதிட்ட பிற்காலத்தில், அருளின்றி மனிதனால் நன்மை செய்யவியலாது என்பதையே அவர் பெரிதும் வலியுறுத்தினார். அதனால், பிற்காலத்தில் இரு சாராரும் அவரையே தம் பக்கச் சான்றாகக் காட்டினர்.

ஆறாம் நூற்றாண்டில், மன்னன் தியோடரிக்கின் சினத்திற்கு ஆளாகிச் சிறையிலிருந்த போயீத்தியஸ் வேறொரு விடை கண்டார். இறைவனுக்கு நேற்று, இன்று, நாளை என்னும் பாகுபாடு இல்லை; எல்லாம் அவன்முன் நிகழ்காலமே. ஒருவன் நடப்பதை நாம் காண்பதால் அவன் நடக்கக் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. அங்ஙனமே இறைவனின் பார்வையும் என்றார். மரணத்தை எதிர்நோக்கியிருந்த ஒருவர் இதனை எழுதினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சமயச் சீர்திருத்தக் காலத்தில் இவ்வினா மீண்டும் கனன்றது. 1524-இல் எராஸ்மஸ் தன்விருப்புக்கு ஆதரவாக நூல் எழுத, 1525-இல் மார்ட்டின் லூதர் கடுமையாக மறுத்தெழுதினார். இறைவனின் முன்னறிவு மாறாத திருவுளத்தோடு இணைந்தது. ஆதலின் மீட்புக்குரியவற்றில் மனித விருப்பம் சுதந்திரமற்றது என்பது அவர் முடிபு.

கத்தோலிக்கரிடையேயும் பிளவு தோன்றிற்று. இயேசு சபையைச் சார்ந்த லூயிஸ் தெ மொலினா 1588-இல் லிஸ்பனில் ஒரு நூல் வெளியிட்டார். எச்சூழலில் எம்மனிதன் எதனைத் தானே தெரிந்துகொள்வான் என்பதை இறைவன் அறிந்தே உலகை நடத்துகின்றான் என்பது அவர் கொள்கை. தொமினிக்கு சபையைச் சார்ந்த பாஞ்ஞெஸ் இதனை எதிர்த்தார். இறைவனே மனித விருப்பத்தை இயக்குகின்றான். அவ்வியக்கம் சுதந்திரத்தை அழிப்பதில்லை என்றார் அவர். இயேசு சபையார் எதிரிகளைக் கால்வின் கொள்கையர் என்றனர். அவர்களோ இவர்களைப் பெலேஜியஸ் வழியினர் என்றனர். போப்பாண்டவர் எட்டாம் கிளெமென்ட் அமைத்த குழு ஆண்டுக்கணக்கில் கூடி ஆராய்ந்தது. இறுதியில், 1607-இல் ஐந்தாம் பவுல், இரு சாராரும் தத்தம் கொள்கையைக் கற்பிக்கலாம். ஆயின் ஒருவர் மற்றவரைப் பழித்துரைத்தல் ஆகாது என்று பணித்தார். எது சரியென்று அவர் தீர்ப்பளிக்கவில்லை.

இதனைத் தோல்வி என்பாரும் உளர். ஆயினும், அக்குழுவின்முன் வாதிட்ட இரு சாராரும் ஒரு கருத்தில் ஒன்றுபட்டனர். இறைவன் அறியாமையுடையவன் என்று எவரும் கூறவில்லை. பேதுரு குற்றமற்றவன் என்றும் எவரும் கூறவில்லை. இரண்டும் எவ்வாறு பொருந்தும் என்பதிலேயே அவர்கள் வேறுபட்டனர். விளக்கம் கிட்டாமையால் பொறுப்பைத் துறத்தல் ஆகாது என்பதே இந்நெடிய விவாதம் நமக்கு உணர்த்தும் பாடமாகும்.