இயந்திரமும் எண்ணெயும்



நம் உதியன்குளங்கரையின் நடுவே செல்லும் நெடுஞ்சாலைக்கு ஒரு பெருமை உண்டு. 1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். அதன் முதல் தடம் திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் கன்னியாகுமரிக்குச் சென்ற இச்சாலையே. இலண்டன் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய சால்ட்டர் என்பார் அதன் மேற்பார்வையாளர். பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின் பூட்டிய பேருந்துகள் அன்று அணிவகுத்தன.

அன்றுமுதல் இன்றுவரை இச்சாலையில் ஓடிய எண்ணற்ற என்ஜின்களை வாழவைத்தது எது? டீசலும் பெட்ரோலும் ஓட்டத்தைத் தந்தன. ஆயுளைத் தந்ததோ மசகெண்ணெய். அவ்வெண்ணெயின் வரலாற்றை யான் அறிந்த அளவில் கூறுகின்றேன்.

நீராவி ரயிலின் தொடக்கக் காலத்தில், வண்டியை நிறுத்தி நிறுத்தி எண்ணெய்க் குவளையால் ஊற்றுவர். அமெரிக்காவில் மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் கரி தள்ளியும் எண்ணெய் விட்டும் உழைத்தவர் எலைஜா மக்காய். அடிமைத்தளையிலிருந்து தப்பிக் கனடா சென்ற பெற்றோரின் மைந்தர். ஸ்காட்லாந்தில் பொறியியல் கற்றும், நிறவேற்றுமையால் அவருக்கு ஏற்ற வேலை கிட்டவில்லை. அவரே, நீராவி என்ஜின் ஓடும்போதே தானாக எண்ணெய் விடும் கருவிக்கு 1872இல் காப்புரிமை பெற்றார்.

அடுத்து, இங்கிலாந்தில் போஷாம் டவர் என்னும் பொறியாளர் பேரிங்குகளின் உராய்வை ஆராய்ந்தார். பேரிங்கின் உச்சியில் அவர் இட்ட துளை வழியே எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார்; தக்கை வெளியேறிற்று. மரமுளையால் அடைத்தார், அதுவும் வெளியேறிற்று. சுழலும் அச்சே எண்ணெயை இடுக்கினுள் இழுத்து, பெரும் அழுத்தமுள்ள ஒரு மெல்லிய படலமாக்கி, அதன்மேல் மிதக்கின்றது என்னும் உண்மை இவ்வாறு 1883இல் வெளிப்பட்டது. 1886இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் அதற்குக் கணிதம் வகுத்தார். பின்னர் பம்பினால் எண்ணெயை அழுத்திச் செலுத்தும் முறை பரவி, மோட்டார் வண்டிக்கும் வந்தது.

இங்கேதான் நாம் கருதவேண்டிய நுட்பம் உள்ளது. சுழன்றால்தான் படலம் உண்டாகும். ஆனால் சுழலுமுன்பே எண்ணெய் அங்கே இருந்தாக வேண்டும். நாள்தோறும் ஓடும் என்ஜினில் நேற்றைய எண்ணெயின் ஈரம் காக்கும். பிரித்துக் கழுவி மீண்டும் கோத்த என்ஜினிலோ பம்பு, வடிகட்டி, எண்ணெய் வழிகள் யாவும் வறண்டிருக்கும். எண்ணெய் போய்ச் சேர்வதற்குள் புதிய பேரிங் தேய்ந்துவிடும்.

இதனை யான் நூலில் கற்கவில்லை. என் தந்தையார் களியக்காவிளையில் வாடகைக்கு அம்பாசிடர் கார் ஓட்டினார். 1994இல் கடன் வாங்கி என்ஜினைப் புதுப்பித்தார். அன்று சனிக்கிழமை. 9 மணிக்கு இராகுகாலம் பிறந்துவிடும் என்ற அவசரம். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சாவியைத் திருகினர். எண்ணெய் விளக்கு அணையவில்லை. “சற்று நேரத்தில் அணையும்” என்றனர். அணையுமுன் உள்ளே தட்டும் ஒலி கேட்டது. என்ஜினை மீண்டும் பிரித்தபோது பேரிங்குகள் உரிந்து, கிராங்கில் கோடு விழுந்திருந்தது. தமக்கையின் கல்லூரிக்கென வைத்திருந்த பணம் அதனைக் கடைந்தெடுக்கச் சென்றது. யானும் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டேன்.

செய்திருக்க வேண்டியதோ சிறிது. பேரிங்குகளிலும் கேம் தண்டிலும் கோக்கும்போதே கெட்டியான எண்ணெய் பூசவேண்டும். பம்பினுள்ளும் வடிகட்டியிலும் எண்ணெய் நிரப்பவேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, காயில் கம்பியைப் பிரித்துவிட்டு, ஸ்டார்ட்டரால் சில விநாடிகள் சுழற்றுவதும் இளைப்பாற விடுவதுமாக இருத்தல் வேண்டும். பிளக் இல்லாமையால் உள்ளே அழுத்தம் ஏறாது. பேரிங்கின் மேல் சுமையும் விழாது. எண்ணெய் விளக்கு அணைந்து, தலைமூடியைத் திறந்தால் ராக்கர்களில் எண்ணெய் கசிவதும் கண்ட பின்னரே பிளக்குகளைப் பூட்டி உயிர் கொடுக்கலாம். எல்லாம் சேர்ந்து அரைமணி நேர வேலை.

எம் ரயில்வேயிலும் இந்நெறி உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் அமைப்பில் வந்த டீசல் என்ஜின்களில், டர்போவுக்கு எண்ணெய் செலுத்தத் தனியொரு மின்பம்பு இருக்கின்றது. பெரிய என்ஜின் சுழலுமுன் அது இயங்கும். என்ஜின் நின்ற பின்னும் சற்று நேரம் இயங்கி, சூடு தணிக்கும்.

நம் காலனியில் ஆட்டோவும் வேனும் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. என்ஜின் வேலை முடிந்து வண்டி எடுக்கப் போகும் அன்பர்கள், நல்ல நேரம் பார்ப்பதில் தவறில்லை; அந்நேரத்திற்கு அரைமணி முன்னதாகவே பட்டறைக்குச் செல்லுங்கள். “எண்ணெய் ஏறிவிட்டதா?” என்று கேட்டு, கண்ணால் கண்ட பின்னர் சாவியைத் தொடுங்கள்.