மாருதி 800, நானோ: கைவேலைக்கு எது தோது?

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். டாடா நானோ 2009 மார்ச்சில். இரண்டின் தயாரிப்பும் நின்றுவிட்டது. ஆனாலும் குறைந்த விலையில் முதல் கார் தேடுகிறவர் கண்ணில் பழைய 800-உம் பழைய நானோவும் இன்றும் படுகின்றன. வண்டியே மலிவாகக் கிடைத்திருக்கும்போது அதன் உள்வேலைக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட யாருக்கும் மனம் வராது. பிளைவுட் துண்டு, பழைய ஜீன்ஸ், ஒரு டப்பா பசை என்று வீட்டிலேயே தொடங்கிவிடுவார்கள். அந்த வேலை இரண்டு வண்டியிலும் ஒன்றுபோல் அமைவதில்லை.

800-இல் நம் ஆட்கள் சேர்த்தவற்றில் பாதி ஆசைக்காகச் சேர்த்தவை. பின்சீட்டுக்குப் பின்னால் வைக்கும் பார்சல் ட்ரேதான் இதற்கு நல்ல உதாரணம். அட்டையில் அளவெடுத்து, பிளைவுட்டை அறுத்து, மேலே கார்ப்பெட் துணி ஒட்டி, இரண்டு ஓவல் ஸ்பீக்கருக்கு ஓட்டை போட்டுவிட்டால் பெரிய வண்டியின் மிடுக்கு வந்துவிடும். பின்கதவு திறக்கும் வண்டி என்பதால் பொருத்துவதும் கழற்றுவதும் சுலபம். என்ஜின் முன்னால் இருப்பதால் பின்பக்கம் சூட்டுத் தொல்லையும் கிடையாது. பலகையை வெறுமனே வைத்துவிட்டுப் போவதில்தான் ஆபத்து. ஸ்பீக்கர் கனத்தோடு இருக்கும் பலகை, சடன் பிரேக் போட்டால் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பிடரியை நோக்கித்தான் வரும். இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்காத பார்சல் ட்ரே இல்லாமல் இருப்பதே மேல்.

நானோவில் கதை வேறு. ஒரு லட்சம் ரூபாய் என்ற இலக்குக்காகக் கம்பெனியே பலவற்றை விட்டுவைத்தது. வைப்பர் ஒன்றுதான், சக்கரத்துக்கு நட்டும் மூன்றுதான். பின்பக்கம் கதவு மாதிரி தெரிவது 2015 வரை வந்த வண்டிகளில் திறக்கவே திறக்காது. பின்சீட்டை மடக்கித்தான் சாமான் வைக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் டாஷ்போர்டின் நடுவில் இருக்கும். அதன் இருபுறமும், தொடக்க கால வண்டிகளில், மூடியில்லாத தட்டுகள். அங்கே வைத்த சில்லறை, சாவி, போன் எல்லாம் வளைவில் திரும்பும்போது ஒரு மூலைக்கு ஓடும். ஆக, நானோக்காரர் செய்வது அலங்காரம் அல்ல, விட்டுப்போனதை நிரப்புவது. தட்டின் வடிவத்துக்குச் செய்தித்தாளை வெட்டி அச்செடுத்து, சமையலறை அலமாரியில் விரிக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பை அதே அளவில் நறுக்கிப் போட்டால் பாதித் தொல்லை தீரும். நானோவுக்கு இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள கைவேலை வேறில்லை என்பேன்.

நானோ 800-ஐவிடச் சுமார் 23 சென்டிமீட்டர் நீளம் குறைவு. ஆனால் உள்ளே 21 சதவீதம் இடம் அதிகம் என்று டாடா சொன்னது. கூடிய இடம் உயரத்தில் இருக்கிறது. பெட்டி வைக்கும் இடமோ சின்னது. அதனால் கிடைமட்டப் பலகையைவிடச் செங்குத்தாகத் தொங்கும் பைதான் நானோவுக்குப் பொருந்தும். பழைய ஜீன்ஸின் பாக்கெட்டுகளை வெட்டிக் கெட்டித் துணியில் தைத்து, முன்சீட்டின் முதுகில் நாடாவால் கட்டிவிடலாம். தண்ணீர் பாட்டில், குடை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அடங்கிவிடும். 800-இலும் இது தைக்கலாம்தான். ஆனால் அந்த இடுக்கமான பின்சீட்டில் உப்பிய பை முழங்காலை இடிக்கும்.

இரண்டிலும் ஏர்பேக் கிடையாது என்பது பாதுகாப்புக்குக் குறை. சீட் உறை தைப்பவருக்கு மட்டும் வசதி. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள இன்றைய வண்டிகளில் வீட்டில் தைத்த உறையை இழுத்து மாட்டக்கூடாது, பை விரியாமல் தடுத்துவிடும். இந்த இரண்டுக்கும் பருத்தித் துணியில் தாராளமாகத் தைக்கலாம். நம் வெயிலுக்கு ரெக்ஸினைவிடப் பருத்தி எவ்வளவோ தேவலை.

கரண்ட் வேலைக்கு வந்தால் இரண்டும் இரண்டு துருவம். 800-இன் ஒயரிங் எளிது, அதை அறிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் உண்டு. நானோவில் என்ஜின் பின்பக்கம், சாமான் வைக்கும் இடத்துக்கு அடியில். தொடக்கத்தில் சில நானோக்கள் தீப்பற்றின. வெளியில் பொருத்திய மின்சாதனங்களும், எக்ஸாஸ்ட் மேல் தங்கிவிட்ட பிற பொருள்களும் காரணமாக இருக்கலாம் என்றது டாடா மோட்டார்ஸ். 2010 நவம்பரில் எக்ஸாஸ்டுக்கும் மின்னமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தரவும் முன்வந்தது. கம்பெனி தன்மேல் விழுந்த பழியைத் தள்ளிவிடத்தான் அப்படிச் சொன்னது என்பாரும் உண்டு. யார் சொன்னது சரியாக இருந்தாலும், சத்தம் குறைய என்று என்ஜின் மூடியின்மேல் தெர்மாகோலும் போர்வையும் அடைப்பது தற்கொலை வேலை.

செலவுக் கணக்கில் இன்னொரு வித்தியாசம். 800-க்கான பொருள்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து பழகியவர்கள் இருக்கிறார்கள். சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையது போதுமென்றால் புதுப்பேட்டை. அங்கே மலிவாகக் கிடைப்பதை வீட்டில் செய்து பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாது. நானோ அவ்வளவாக விற்காத வண்டி. 2018 ஜூனில் ஒரே ஒரு நானோதான் தயாரானது. அதற்கென்று அளவாகச் செய்த பொருளைக் கடையில் தேடுவது வீண் அலைச்சல்.

கைவேலைக்குத் தோதான வண்டி 800தான். கைவேலை தேவைப்படும் வண்டி நானோ. எதை வைத்திருந்தாலும் தையலும் தச்சும் நீங்களே செய்யுங்கள். ஒயரைத் தொட வேண்டி வந்தால் ஃபியூஸ் வைத்து இணைத்துத் தரும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.