டயாலிசிஸ் பாதுகாப்பு: இயந்திரம் கவனிப்பவையும் கவனிக்கத் தவறுபவையும்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்துச் சுத்திகரித்து, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் சிகிச்சை ஹீமோடயாலிசிஸ் எனப்படுகிறது. 2016-17 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு முறை சிகிச்சை பெற சுமார் 4 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் கண்காணிப்பு தொடர வேண்டியது அவசியம்.

இயந்திரம் கவனிப்பவை

ரத்தம் வெளியேறும் குழாயிலும் உடலுக்குத் திரும்பும் குழாயிலும் அழுத்தம் தொடர்ந்து அளவிடப்படுகிறது. அது வரம்பை மீறினால் எச்சரிக்கை ஒலி எழும். ரத்த பம்ப் நின்றுவிடும். திரும்பும் குழாயில் காற்றுக் குமிழி நுழைந்தால் மீயொலி உணரி அதைக் கண்டறியும். குழாய் உடனே இறுக்கி மூடப்படும். வடிகட்டியின் சவ்வு கிழிந்து டயாலிசிஸ் திரவத்தில் ரத்தம் கலந்தால் ஒளி உணரி எச்சரிக்கும். திரவத்தின் வெப்பநிலையும் உப்புச் செறிவும் இவ்வாறே கண்காணிக்கப்படுகின்றன.

ஊசி விலகும் அபாயம்

ரத்தத்தைத் திரும்பச் செலுத்தும் ஊசி கையிலிருந்து நழுவினால், அழுத்தம் சிறிதளவே குறையக்கூடும். அதனால் எச்சரிக்கை ஒலி எழாமலே போகலாம். பம்ப் நிமிடத்துக்கு 300 மில்லி லிட்டர் வேகத்தில் இயங்கினால், 5 நிமிடங்களில் ஒன்றரை லிட்டர் ரத்தம் வெளியேறிவிடும். பெரியவர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். ஆகவே, ஊசியை உறுதியாக ஒட்டுவதும், ஊசி உள்ள கையைப் போர்வையால் மூடாமல் கண்ணில் படும்படி வைத்திருப்பதும் இன்றியமையாதவை.

தண்ணீரின் தரம்

ஒரு முறை சிகிச்சைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் தேவைப்படுகிறது. குடிநீரில் தீங்கு செய்யாத அளவிலான குளோரின் கூட, டயாலிசிஸ் வழியாக ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களை அழித்துவிடும். உப்புச் செறிவை அளக்கும் உணரியால் இதைக் கண்டறிய இயலாது. எனவே, சிகிச்சை தொடங்கும் முன் தண்ணீரை ஊழியர்கள் தனியே பரிசோதிக்க வேண்டும். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகர டயாலிசிஸ் மையம் ஒன்றில், நீலப்பச்சைப் பாசியின் நச்சு கலந்த தண்ணீர் பயன்படுத்தப்பட்டதால் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தனர்.

நோயாளியின் நிலை

உடலிலிருந்து நீர் வேகமாக அகற்றப்படும்போது ரத்த அழுத்தம் திடீரெனக் குறையலாம். இதனால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உடல் எடையும், சிகிச்சையின்போது குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்த அழுத்தமும் அளவிடப்படுகின்றன. தலைசுற்றல், வியர்வை, தசைப்பிடிப்பு, மூச்சுத்திணறல், ஊசி இடத்தில் ஈரம் ஆகியவற்றை உணர்ந்தால் நோயாளி உடனே ஊழியரிடம் தெரிவிக்க வேண்டும். எச்சரிக்கை ஒலி எழுந்தால், அதன் காரணத்தைக் கண்டறியாமல் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டுச் சிகிச்சையைத் தொடர்வது உயிருக்கே ஆபத்தாக முடியும்.