ஓட்டை போட்ட டிஸ்க் யாருக்காக வந்தது?

ஒரு நேயர் அனுப்பின கேள்விதான் இன்றைக்கு முழு எபிசோடையும் எடுத்துக்கொண்டது. அவர் கேட்டது இது: "அண்ணா, என்கிட்ட ஒரு டர்போ ஹேட்ச்பேக் இருக்கு. தினமும் ஆபீஸுக்கு அதுலதான் போறேன். அப்பப்போ மலைப்பாதையும் உண்டு. முன்பக்க டிஸ்க் தேஞ்சுபோச்சு, மாத்தணும்னு மெக்கானிக் சொல்லிட்டார். பழைய மாதிரியே சாதா டிஸ்க் போடவா, இல்ல ஓட்டை போட்டது, கோடு வெட்டினதுன்னு கடையில காட்டுறாங்களே, அது போடவா?"

நேரடியா பதில் சொல்லிடலாம். ஆனா அந்த ஓட்டை எந்தக் கஷ்டத்துக்கு மருந்தா வந்ததுன்னு தெரிஞ்சுகிட்டா, பதிலை நீங்களே சொல்லிடுவீங்க. அதனால கொஞ்சம் பின்னாடி போவோம்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்று ஒரு பொறியாளர். சக்கரத்தோட சுத்துற ஒரு தகட்டை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சு நிறுத்தும் யோசனைக்கு 1902ல் காப்புரிமை வாங்கினார். இன்றைய டிஸ்க் பிரேக்கின் அடிப்படை அதுதான். ஆனா அவர்கிட்ட நல்ல உராய்வுப் பொருள் இல்லை. செம்பு மேல உலோகம் உரசினால் என்ன ஆகும்? காதைக் கிழிக்கிற கிறீச் சத்தம். அன்றைய புழுதி ரோட்டில் தேய்மானமும் அதிகம். யோசனை சரி, பொருள் சரியில்லை. இந்தக் கதையில் இது திரும்பத் திரும்ப வரும்.

அதுக்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு ட்ரம் பிரேக்கின் ராஜ்ஜியம். ஒரு மூடின டப்பா, உள்ளே இருந்து வெளியே விரிந்து அழுத்தும் ஷூ. மெதுவாகப் போற வண்டிக்கு அது போதும். வேகம் கூடினபோதுதான் வினை. ட்ரம் சூடானால் விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகும். சூடு உள்ளேயே அடைபடுவதால் லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடலை மிதிக்க மிதிக்க வண்டி நிற்காது. டிஸ்க்கில் இது நேர்மாறு. சூட்டில் தகடு தடித்தால் பேடை நோக்கித்தான் வரும். அதோட தகடு வெளிக்காற்றில் சுத்துது.

இதை உலகத்துக்குக் காட்டின இடம் பிரான்சின் லெ மான்ஸ். 24 மணி நேரப் பந்தயம். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நேர் ரோடு, அதன் முடிவில் சட்டென்று ஒரு வலது வளைவு. ஒவ்வொரு சுற்றிலும் உச்ச வேகத்திலிருந்து வண்டியை அடக்கியாகணும். விமானச் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்த அனுபவம் டன்லப் நிறுவனத்துக்கு இருந்தது. அவர்களும் ஜாகுவாரும் சேர்ந்து சி-டைப் காரில் அதைப் பொருத்தினார்கள். 1952ல் பிரான்சின் ரைம்ஸ் நகரில் ஸ்டிர்லிங் மாஸ் அந்தக் காரில் ஜெயித்தார். 1953ல் லெ மான்ஸில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஜோடி முதலிடம். சராசரி வேகம் மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் சராசரி 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. இரண்டாவது, நான்காவது இடங்களும் ஜாகுவாருக்குத்தான். ட்ரம் வைத்திருந்தவர்கள் பிரேக்கைக் காப்பாற்ற முன்னாடியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜாகுவார் ஓட்டுநர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் மிதிக்க முடிந்தது. விடிய விடிய அதையே செய்யவும் முடிந்தது.

இதுக்கு ஒரு கருப்புப் பக்கமும் உண்டு. 1955 லெ மான்ஸ். மைக் ஹாதார்ன் தன் ஜாகுவாரை பிட்டுக்குத் திருப்ப வேகம் குறைத்தார். பின்னால் வந்த லான்ஸ் மாக்லினின் ஆஸ்டின்-ஹீலி விலகியது. அதன் மேல் பியர் லெவேயின் மெர்சிடிஸ் மோதிப் பறந்து பார்வையாளர் கூட்டத்தில் விழுந்தது. 80க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மெர்சிடிஸில் இருந்தது ட்ரம் பிரேக். கூடுதலாகக் காற்றைத் தடுக்கும் ஒரு பெரிய மடல். விபத்துக்கு பிரேக் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பாதை குறுகல், வேகமோ அசுரம். ஆனா வெவ்வேறு விதமாக நிற்கும் வண்டிகள் ஒரே பாதையில் ஓடினால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது.

அதே 1955ல் சிட்ரோயன் டிஎஸ் முன்பக்க டிஸ்க்கோடு சாதாரண மக்களிடம் வந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் டிரையம்ஃப் டிஆர்3. 1966ல் போர்ஷே 911 எஸ் காரில் நடுவே இடைவெளி விட்ட டிஸ்க். ரெண்டு தகடு, நடுவில் சின்னச் சின்ன தடுப்புகள். சுத்தும்போது மையத்திலிருந்து காற்றை இழுத்து ஓரத்தில் தள்ளும். நம்ம நேயரின் ஹேட்ச்பேக்கின் முன்பக்கத்திலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

இப்போ ஓட்டைக்கு வருவோம். அன்றைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ், கூடவே அதை ஒட்டிவைக்கும் பிசின். பந்தயச் சூட்டில் பிசின் வெந்து வாயு கிளம்பும். அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மெத்தை போல நிற்கும். ஓட்டை அந்த வாயுவுக்கு ஒரு வாசல். எடையும் குறையும். 1970களின் தொடக்கத்தில் போர்ஷே 917 பந்தயக் கார்களில் ஓட்டை போட்ட டிஸ்க்கைப் பார்க்கலாம். ஆனா அதுக்கு ஒரு விலை உண்டு. சூடு ஏறி இறங்க, ஓட்டையின் விளிம்பில்தான் விரிசல் தொடங்கும். பந்தய அணிக்கு அது பிரச்சினை இல்லை, கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். கோடு வெட்டினது அதற்கு ஒரு மாற்று. பேடின் மேற்பரப்பைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கும், விரிசல் அபாயம் குறைவு. பதிலுக்குக் கொஞ்சம் சத்தம், கூடுதல் பேட் தேய்மானம்.

பேட் மாறிவிட்டது. 1999ல் பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது, 2005ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க. இன்றைய நல்ல பேடில் அந்த வாயுத் தொல்லை மிகக் குறைவு. நோய் போயிடுச்சு, மருந்து மட்டும் அழகுக்காக நிற்குது.

ஒரு கணக்கு போடலாமா? 1,400 கிலோ வண்டி, 100 கிலோமீட்டர் வேகம். அதை நிறுத்தும்போது சுமார் 540 கிலோ ஜூல் சூடாக மாறும். முன்பக்கம் 70 சதவீதம் என்றால், 7 கிலோ டிஸ்க் ஒன்றின் சூடு 50 டிகிரியைக் கொஞ்சம் தாண்டி ஏறும். அவ்வளவுதான். ஆபீஸ் போற வழியில் இதுக்கு ஓட்டை தேவையா?

ஆனா மலைப்பாதை வேற. அதே வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், மேலே சொன்ன மாதிரி 25 தடவை நிறுத்தினதுக்குச் சமம். அதையெல்லாம் பிரேக் மேலேயே போட்டால் எந்த டிஸ்க்கும் தவிக்கும். அங்கே காப்பாற்றுவது ரெண்டு விஷயம். ஒன்று, கீழ் கியரில் இறங்குவது. இன்னொன்று, பிரேக் ஆயில். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்கணும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது.

ஆக, என் பதில் இது. இடைவெளி விட்ட சாதா வார்ப்பிரும்பு டிஸ்க், உங்க காருக்கான அதே அளவில், நம்பகமான தயாரிப்பாளருடையது வாங்குங்க. மிச்சமாகும் காசை நல்ல பேடுக்கும் புது பிரேக் ஆயிலுக்கும் போடுங்க. டிராக்கில் ஓட்டப்போறீங்கன்னா கோடு வெட்டினதை யோசிக்கலாம். கம்பெனியே ஓட்டையோடு வடிவமைத்துத் தந்த கார் என்றால் அது வேற கதை. அங்கே ஓட்டை எங்கே வரணும்னு கணக்குப் பார்த்திருப்பாங்க. சாதா டிஸ்க்கில் பின்னாடி துளை போட்டு விற்பதை மட்டும் தொடாதீங்க.

மாட்டும்போது சில விஷயம். இடது வலது ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. புது டிஸ்க்குக்குப் புது பேட். டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு இருந்தால் சுரண்டிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. அங்கே ஒரு துளி துரு இருந்தாலும் டிஸ்க் கோணலாகச் சுத்தும், கொஞ்ச நாளில் தடிமன் சீரில்லாமல் போய் பெடல் அதிரும். "டிஸ்க் வளைஞ்சுபோச்சு"ன்னு சொல்றதில் பாதி இந்தக் கேஸ்தான். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதற்கு முன்னாடி ஒரு தடவை ஓரத்தைப் பாருங்க. குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் அங்கேயே பொறித்திருக்கும்.

லான்செஸ்டருக்கு இருந்த பிரச்சினை வேற, சி-டைப்புக்கு வேற, 917க்கு வேற. கடையில் நிற்கும்போது உங்க பிரச்சினை எதுன்னு கேட்டுக்கோங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.